கண்ணை மூடினால் கவலை கூடுவது ஏன்? பதற்ற எண்ணங்களும் விழிப்புநிலைத் தியானமும்

தியானம் செய்யத் தொடங்கியவர்கள் முதல் வாரத்தில் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "கண்ணை மூடினா யோசனை இன்னும் ஜாஸ்தியாத்தான் வருது." புகார் உண்மை. ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தியதும் சுவர்க் கடிகாரத்தின் ஓசை திடீரென்று கேட்குமே, அதுபோலத்தான் இது. கடிகாரம் அதுவரையும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பகலெல்லாம் வேலையும் பேச்சும் கைப்பேசியும் போட்ட சத்தத்துக்கு அடியில் ஓடிய எண்ணங்கள், சத்தம் அடங்கியதும் காதில் விழுகின்றன. மனம் அடங்கிவிடும் என்று நம்பி உட்கார்ந்தவருக்கு இது தோல்வியாகத் தெரிகிறது. நான்காம் நாள் விட்டுவிடுகிறார். எதற்காக உட்காருகிறோம் என்பதை யாரோ அவருக்குத் தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கவலை தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் விதம்

எண்ணம் வருவது வேறு, கவலைப்படுவது வேறு. "ஒருவேளை வேலை போய்விட்டால்?" என்று ஒரு எண்ணம் தலைகாட்டுவது யார் கையிலும் இல்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் வந்துவிடும். அதைப் பிடித்துக்கொண்டு "போனால் தவணை என்னாவது, வீட்டில் எப்படிச் சொல்வது, இந்த வயதில் யார் வேலை தருவார்கள்" என்று இருபது நிமிடம் இழுத்துக்கொண்டு போவதுதான் கவலை. முன்னது தானாக நிகழ்வது. பின்னது நமக்கே தெரியாமல் நாம் செய்வது. தியானத்தின் கை எட்டுவது இந்தப் பின்னதை மட்டுமே.

ஏன் அப்படி இழுக்கிறோம்? கவலைப்படும்போது ஏதோ உருப்படியாகச் செய்துகொண்டிருப்பது போல இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் தாமஸ் போர்கோவெக் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். கவலை பெரும்பாலும் காட்சிகளாக ஓடாமல் சொற்களாகவே ஓடுகிறது; சொற்களில் சுழன்றுகொண்டிருக்கும்வரை பயத்தின் உடல் அதிர்வு கொஞ்சம் மட்டுப்படுகிறது என்பது அவர் விளக்கம். ஆக, கவலை என்பது பயத்தை நேராகப் பார்க்காமல் நழுவிப்போக மனம் கண்டுபிடித்த ஒரு சந்து. அதோடு, பயந்தது நடக்காமல் போனால் "கவலைப்பட்டதால்தான் தப்பித்தோம்" என்று மனம் அதற்கு நன்றிக் கணக்கும் எழுதிவைக்கிறது. இரண்டும் சேர்ந்து பழக்கம் வேரூன்றிவிடுகிறது.

சரி, நினைக்காமல் இருந்துவிட்டால்? 1987இல் உளவியலாளர் டேனியல் வெக்னரும் சகாக்களும் ஒரு சோதனை நடத்தினார்கள். வெள்ளைக் கரடியைப் பற்றி ஐந்து நிமிடம் நினைக்கக் கூடாது, நினைவு வந்தால் மணியை அடிக்க வேண்டும் என்றார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதன்பின் "இப்போது தாராளமாக நினைக்கலாம்" என்று சொன்னபோது, முதலில் அடக்கியவர்களுக்கு, தொடக்கத்திலேயே தாராளமாக நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட அதிகமாகக் கரடி வந்தது. ஒன்றை நினைக்கவில்லையே என்று சரிபார்க்க வேண்டுமானால் அதையே நினைத்தாக வேண்டும் என்பதுதான் சிக்கல். "கவலைப்படாதே" என்ற அறிவுரை யாருக்கும் உதவாததற்கும் இதுவே காரணம்.

எண்ணத்தின் பின்னால் போவதும் பலிக்கவில்லை, அதைத் தள்ளிவிடுவதும் பலிக்கவில்லை. மூன்றாவதாக ஒரு வழியைப் பழகுவதற்குத்தான் இந்தத் தியானம்.

'நினைவு திரும்புதல்'

விழிப்புநிலை என்று இங்கே சொல்லும் மைண்ட்ஃபுல்னஸ் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'கவனக்குவிப்பு' என்று எழுதுகிறவர்கள் உண்டு. அந்தச் சொல் கொஞ்சம் கெடுதல் செய்கிறது. கவனம் குவிவதே இலக்கு என்றால், சிதறும் ஒவ்வொரு முறையும் தோல்வி என்று ஆகிவிடுகிறது. மூலச் சொல் பாலியில் 'சதி', வடமொழியில் 'ஸ்மிருதி'. இரண்டுக்கும் நேர்ப்பொருள் நினைவு. மயங்கிக் கிடந்தவர் கண்விழித்தால் "நினைவு திரும்பிவிட்டது" என்கிறோமே, அந்த நினைவு. மனம் எங்கோ போய்விட்டது என்று பட்டென்று உறைக்கும் அந்த நொடிதான் பயிற்சியின் கரு. பத்து நிமிடத்தில் முப்பது முறை மனம் ஓடி, முப்பது முறை நினைவு திரும்பினால், அது முப்பது முறை செய்த பயிற்சி. ஓடாத மனத்துக்கு இங்கே வேலையே இல்லை.

மருத்துவத்துக்குள் இது முறையாக நுழைந்தது 1979இல். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின், தீராத வலியோடும் நோய்களோடும் வாழ்பவர்களுக்காக எட்டு வார வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். வாரம் ஒரு முறை இரண்டரை மணி நேரம், இடையில் ஒரு முழுநாள் அமர்வு, வீட்டில் தினமும் சுமார் 45 நிமிடம் என்பது அதன் அமைப்பு. பிறகு சிண்டல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் என்ற உளவியலாளர்கள் மூவரும் இதை, எண்ணப் பழக்கங்களைத் திருத்தும் அறிவாற்றல் சிகிச்சையோடு சேர்த்து, மனச்சோர்வு மறுபடி வராமல் தடுக்கும் முறையாக உருவாக்கினார்கள். இன்று கைப்பேசிச் செயலிகளில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி இந்த இரண்டின் நறுக்குத் துண்டுகள்.

பத்து நிமிடம், அருகிலிருந்து

நாற்காலி போதும். பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் பதியட்டும், முதுகு சாய்மானத்தைவிட்டு ஒரு கை அளவு முன்னே இருக்கட்டும். நிமிர்ந்த முதுகுக்குக் காரணம் ஆன்மிகம் இல்லை, தூக்கம் வராது என்பதுதான். கண்ணை மூடலாம், மூடினால் பயம் கூடுகிறவர்கள் நான்கடி தூரத்துத் தரையில் பார்வையைத் தளர்வாக வைக்கலாம். மென்மையான ஒலியில் பத்து நிமிடத்துக்கு அலாரம். அலாரம் இல்லாவிட்டால் "எவ்வளவு நேரம் ஆச்சு?" என்பதே தனிக் கவலையாகிவிடும்.

முதல் ஒரு நிமிடம் உடல் தொடும் இடங்களை மட்டும் கவனிக்க வேண்டும்: பாதத்தில் தரை, தொடையில் இருக்கை, கையில் கை. பிறகு மூச்சு எங்கே நன்றாகத் தெரிகிறதோ அங்கே வர வேண்டும். நாசித் துவாரத்தில் குளிர்ச்சியாகவோ, மார்பின் ஏற்ற இறக்கமாகவோ, அடிவயிற்றின் அசைவாகவோ தெரியலாம். ஒன்றைத் தேர்ந்தால் அந்த அமர்வு முடியும்வரை அதுவே. மூச்சை ஆழமாக்கவோ மெதுவாக்கவோ கூடாது. அது பாட்டுக்குப் போகட்டும், கூட இருந்தால் போதும். வேண்டுமானால் வெளிமூச்சை ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கலாம். எண்ணிக்கை பதினேழுக்குப் போயிருந்தால் மனம் எங்கோ போய்விட்டது என்று தானே தெரிந்துவிடும்.

மூன்றாவது மூச்சிலேயே மேலாளர் காலையில் அனுப்பிய ஒற்றை வரிச் செய்தி வந்து நிற்கிறது: "நாளைக்குக் கொஞ்சம் பேசணும்." அவர் என்ன கேட்பார், நாம் என்ன சொல்வோம், அதற்கு அவர் என்ன சொல்வார் என்று முழு உரையாடலும் நடந்து முடிகிறது. ஒரு நிமிடம் கழித்து, "அட, உட்கார்ந்திருக்கிறோமே" என்று உறைக்கிறது. இங்கேதான் மூன்று சின்ன வேலைகள்.

முதலாவது, நடந்துகொண்டிருந்ததற்கு ஒற்றைச் சொல்லில் பெயர்: "ஒத்திகை." எதிர்காலப் பேச்சைத் தயார்செய்தால் ஒத்திகை, பழையதைக் கிளறினால் "பழசு", கெட்டது நடப்பதாகக் கற்பனை ஓடினால் "கவலை", வேலைப் பட்டியல் போட்டால் "திட்டம்". இந்த நான்கைந்து பெயர்களே போதும். சரியான பெயரைத் தேடி மூன்று நொடிக்கு மேல் போனால் அது ஆராய்ச்சி, விட்டுவிடலாம். பெயரை எந்தத் தொனியில் சொல்கிறோம் என்பதும் முக்கியம். "கவலை" என்பதை வானொலியில் வானிலை வாசிப்பவர் மாதிரி சொல்ல வேண்டும், திட்டும் குரலில் அல்ல.

இரண்டாவது, திரும்புவதற்கு முன் ஒரு மூச்சு நேரம் உடலைப் பார்த்தல். அந்த ஒத்திகை உடலில் எதையோ விட்டுப்போயிருக்கும். தாடை இறுகியிருக்கும், தோள் காதுப்பக்கம் ஏறியிருக்கும், வயிற்றைப் பிசையும், தொண்டையில் ஏதோ அடைத்தது போலிருக்கும். அதைச் சரிசெய்ய வேண்டாம். இருக்கிறது என்று தெரிந்தால் போதும். அவசரக்காரர்கள் தாவிப்போவது இந்தப் படியைத்தான். ஆனால் கவலை சொற்களுக்குள் ஒளிந்துகொண்டு தப்பிப்பது உடலின் இந்த உணர்வுகளிலிருந்து என்பதால், பலன் அதிகம் கிடைப்பதும் இங்கேதான்.

மூன்றாவது, அடுத்த மூச்சு. இவ்வளவுதான். அலாரம் அடிக்கும்வரை இதே சுற்று.

'என்ற' செய்யும் வேலை

சில எண்ணங்கள் பெயர் வைத்தும் விடாது. "நான் சொதப்பிவிடுவேன்" என்பது தீர்ப்பு மாதிரி வந்து உட்கார்ந்துகொள்ளும். இதற்குத் தமிழ் இலக்கணமே ஒரு கருவி வைத்திருக்கிறது. "சொதப்பிவிடுவேன்" என்பதை மனசுக்குள் "சொதப்பிவிடுவேன் என்ற எண்ணம் வந்திருக்கிறது" என்று முடித்துப் பாருங்கள். பேச்சுத் தமிழில், "சொதப்பிடுவேன்னு ஒரு நெனப்பு வருது." செய்தி மாறவில்லை, பொய்யான ஆறுதலும் இல்லை. ஆனால் நடக்கப்போகும் சம்பவமாக இருந்தது இப்போது தலைக்குள் வந்துபோகும் ஒரு வாக்கியமாகிவிட்டது. உளவியலாளர் ஸ்டீவன் ஹேய்ஸ் உருவாக்கிய ஏற்பு மற்றும் ஈடுபாட்டுச் சிகிச்சையில் இது முக்கியமான உத்தி. ஆங்கிலத்தில் இதற்கு வாக்கியத்தின் முன்பக்கம் ஒரு நீண்ட தொடரைக் கட்ட வேண்டும். நமக்குக் கடைசியில் ஒரு 'என்ற' போதுமானதாக இருக்கிறது. எண்ணத்தைப் பாதி நம்பிய பிறகும், வாக்கியத்தின் வாலில் இதை ஒட்டிவிடலாம் என்பது கூடுதல் வசதி.

இதைச் சொல்லும்போது எண்ணம் பொய் என்று நிரூபிக்கத் தேவையில்லை. வாதாடத் தொடங்கினால் எண்ணத்துக்கு வக்கீல் கிடைத்துவிடும்.

மூச்சே தொல்லையானால்

பதற்றம் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு மூச்சைக் கவனிப்பதே ஆகாது. கவனித்ததும் மூச்சு செயற்கையாகிவிடுகிறது, போதவில்லை என்று தோன்றுகிறது, இன்னும் ஆழமாக இழுக்கிறார்கள். தேவைக்கு மேல் மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. தலை லேசாகச் சுற்றுகிறது, விரல் நுனியும் உதட்டோரமும் மரமரக்கின்றன, நெஞ்சு இறுகுகிறது. திடீர்ப் பீதி வந்து பழகியவருக்கு இந்த அறிகுறிகள் அடுத்த பீதியின் முன்னறிவிப்பாகத் தெரியும். "ஆழமா மூச்சு விடுங்க" என்று பொதுவாகச் சொல்லப்படும் யோசனை பலருக்குத் திரும்பி அடிப்பது இப்படித்தான்.

மூச்சு ஒரு நங்கூரம் மட்டுமே. வேறு நங்கூரங்களும் உண்டு. உள்ளங்கால் தரையில் அழுந்துவது நல்ல தேர்வு. நெஞ்சிலிருந்து அதுதான் அதிக தூரம், அங்கே பயத்தின் அறிகுறிகள் குறைவு. சுற்றிலும் கேட்கும் ஒலிகளை, எதன் ஒலி என்று ஆராயாமல் வருவதும் போவதுமாகக் கேட்கலாம். உட்காரவே முடியாத நாளில் பத்துப் பதினைந்து அடி நீளத்தில் மெதுவாக நடந்து, திரும்பி, நடக்கலாம். குதிகால் பதிவது, எடை மாறுவது, விரல்கள் மேலெழுவது ஆகியவைதான் அப்போது கவனிக்க வேண்டியவை. இதை இரண்டாந்தர வழி என்று நினைக்க வேண்டியதில்லை. கபாட்-ஜின்னின் வகுப்பிலும் நடைத் தியானம் பாடத்தின் ஒரு பகுதிதான்.

தளரும்போதே பயம் வருகிறவர்களும் இருக்கிறார்கள். எப்போதும் காவலுக்கு நின்று பழகிய மனம், காவலைக் கொஞ்சம் தளர்த்தியதும் திடுக்கிடுகிறது. தளர்வு தூண்டும் பதற்றம் என்று இதற்குப் பெயரே உண்டு. 1980களிலேயே ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். இவர்கள் இரண்டு மூன்று நிமிடத்தில் தொடங்கி, கண் திறந்தபடியே பயில்வது நல்லது.

எங்கே தவறுகிறது

பெரிய தவறு, இதை மாத்திரை மாதிரிப் பயன்படுத்துவது. படபடப்பு ஏறியதும் உட்கார்ந்து, "இன்னும் குறையலையே" என்று அரை நிமிடத்துக்கு ஒரு தடவை சோதித்துப் பார்ப்பவர் உண்மையில் வெள்ளைக் கரடியோடுதான் மல்லுக்கு நிற்கிறார். படபடப்பைப் போக்கச் செய்யும் தியானம் படபடப்பை எதிரியாக்கிவிடுகிறது. பயம் கடலளவு இருக்கும்போது நீந்தக் கற்க முடியாது என்பதால், தினப் பயிற்சி சாதாரண நேரத்தில்தான் நடக்க வேண்டும். பல் துலக்கியதும், அல்லது மதியம் வேலைக்குத் திரும்புமுன் என்று ஏற்கெனவே இருக்கும் ஒரு பழக்கத்தோடு முடிந்துவைத்தால் நிற்கும்.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது: கவனிப்பது என்ற பெயரில் அலசுவது. "எனக்கு ஏன் இந்தக் கவலை வருகிறது, சின்ன வயதிலேயே இப்படித்தான்..." என்று ஓடத் தொடங்கினால் அது கவலையின் சகோதரி. 'ஏன்' என்று தொடங்குவது பெரும்பாலும் அலசல். 'என்ன', 'எங்கே' என்று தொடங்குவது கவனிப்பு.

அதேபோல, தியானம் நிஜமான வேலையிலிருந்து ஒளிந்துகொள்ளும் இடமாகவும் ஆகலாம். கட்ட வேண்டிய வரி, எடுக்க வேண்டிய மருத்துவப் பரிசோதனை, பேச வேண்டிய பேச்சு ஆகியவை உட்கார்ந்து மூச்சைப் பார்த்தால் முடிகிறவை அல்ல. ஒரு கவலைக்கு இன்றோ நாளையோ செய்யக்கூடிய செயல் இருந்தால், அதைத் தாளில் எழுதி நேரம் குறித்துவிட்டுப் பிறகு உட்காரலாம். செயல் ஏதும் இல்லாத 'ஒருவேளை'களுக்குத்தான் இந்தப் பயிற்சி.

தூக்கம் வருகிறது என்பது சாதாரணப் புகார். பெரும்பாலும் அது தூக்கக் குறைவுதான். தூங்கிவிடுவது நல்லது.

நாளின் நடுவே பதற்றம் ஏறினால், சீகல் குழுவினர் வகுத்த மூன்று நிமிட மூச்சிடைவெளி கைகொடுக்கும். முதல் நிமிடம், இப்போது என்ன எண்ணம், என்ன உணர்ச்சி, உடலில் என்ன என்று ஒப்புக்கொள்ளுதல். இரண்டாம் நிமிடம் மூச்சு மட்டும். மூன்றாம் நிமிடம் கவனத்தை முழு உடலுக்கும் விரித்து, பிறகு செய்துகொண்டிருந்த வேலைக்கே திரும்புதல். அகலம், குறுக்கம், மறுபடி அகலம். கூட்டத்துக்கு உள்ளே நுழையுமுன் நின்றபடியே செய்யலாம். பதற்றத்தோடேயே கதவைத் திறப்பதற்காகத்தான் இது. பதற்றம் போகும்வரை வெளியே நிற்பதற்காக அல்ல.

ஆய்வுகள் எவ்வளவு தூரம் துணை நிற்கின்றன

2014இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வெளியான தொகுப்பாய்வு, 47 சோதனைகளில் பங்கேற்ற 3,515 பேரின் தரவுகளைப் பார்த்தது. பதற்றம் குறைவதற்கு மிதமான சான்று உண்டு, அந்தக் குறைவு சிறிதிலிருந்து மிதமான அளவு என்பது அதன் முடிவு. விளம்பரங்கள் சொல்லும் அற்புதம் அதில் இல்லை.

2022இல் ஜாமா சைக்கியாட்ரியில் வந்த சோதனை நேரடியாகப் பதற்றக் கோளாறு உள்ள 276 பேரை எடுத்துக்கொண்டது. பாதிப் பேருக்கு எட்டு வாரத் தியான வகுப்பு, பாதிப் பேருக்குப் பதற்றத்துக்குத் தரப்படும் எஸ்சிட்டலோபிராம் மாத்திரை. பதற்றத்தின் தீவிரத்தை அளக்கும் 7 புள்ளி அளவுகோலில் தியானக் குழுவுக்கு 1.35 புள்ளியும், மாத்திரைக் குழுவுக்கு 1.43 புள்ளியும் குறைந்தது. தியானம் மாத்திரைக்குக் கீழே இல்லை என்று ஆய்வாளர்கள் முடிவுசெய்தார்கள். இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிப்பதில்லை. அந்தத் தியானக் குழுவினர் நேரில் வகுப்புக்குப் போய், வீட்டிலும் தினம் 45 நிமிடம் செய்யச் சொல்லப்பட்டவர்கள். செயலியில் ஐந்து நிமிடம் கேட்டவர்கள் அல்ல. மேலும், எந்தச் சிகிச்சையும் பெறாத மூன்றாவது குழு ஒன்று அதில் இல்லை. இந்த வகை மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றலும் எரிச்சலும் தூக்கக்கேடும் வரலாம் என்பதால், குறைப்பதென்றால் மருத்துவர் சொல்லும் படிகளில்தான்.

யார் தனியாகச் செய்யக் கூடாது

பழைய வன்முறை, விபத்து, பாலியல் கொடுமை போன்றவற்றின் நினைவுகள் துரத்துகிறவர்களுக்கு, கண்மூடி உள்ளே பார்ப்பது அந்தக் காட்சிகளையே திறந்துவிடலாம். மனச்சிதைவு அறிகுறிகள் வந்தவர்கள், கடும் மனச்சோர்வில் இருப்பவர்கள், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறவர்கள் ஆகியோர் முதலில் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். தியானம் பிறகு, துணையோடு. பேச்சில்லாத பத்து நாள் முகாம்களைப் பதற்றத்துக்கான முதல் வைத்தியமாக எடுப்பது நல்ல யோசனை இல்லை. பயிற்சிக்குப் பிறகு தான் தானாக இல்லை என்ற அந்நிய உணர்வு மணிக்கணக்கில் நீடித்தால் நிறுத்திவிட்டு உதவி கேட்க வேண்டும்.

உடலையும் மறந்துவிடக் கூடாது. தைராய்டு மிகையாகச் சுரந்தாலும், இதயத் துடிப்பு ஒழுங்கு தப்பினாலும், காபி அளவு மீறினாலும் படபடப்பு வரும். புதிதாகத் தொடங்கிய படபடப்புக்கு முதலில் ஒரு ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும்.

பலனை எப்படிப் பார்ப்பது? ஒவ்வொரு அமர்வுக்கும் மதிப்பெண் போட வேண்டாம். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஏழு கேள்வி கேட்டுப் பதற்றத்தை அளக்கும் ஜிஏடி-7 வினாத்தாளைத் தொடக்கத்திலும் எட்டாவது வாரத்திலும் நிரப்பிப் பார்க்கலாம். மொத்த மதிப்பெண் 21. அதில் 5, 10, 15 ஆகியவை முறையே லேசான, மிதமான, கடுமையான பதற்றத்தின் தொடக்கப் புள்ளிகள். 10ஐ எட்டினால் மருத்துவரிடம் போவது நல்லது. ஆனால் எண் இறங்குவதற்கு முன்பே வேறொன்று மாறும். மேலாளரின் ஒற்றை வரிச் செய்தி அப்போதும் வயிற்றைப் பிசையும், ஒத்திகையும் தொடங்கும். முன்பு அது விடிய விடிய ஓடிய பிறகுதான் தெரியவந்தது. இப்போது, அவர் இரண்டாவது கேள்வியைக் கேட்குமுன்னே தெரிந்துவிடுகிறது.